கொச்சிக் கோட்டையில் ஒரு வெற்றுக் கல்லறை

கிறிஸ்து பிறப்பு விழாவைத் தொடர்ந்த விடுமுறையில், என் துணைவியாரும் எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தியும் உடன்வர, கொச்சி சென்று வரும் வாய்ப்புக் கிட்டிற்று. எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறிக் காயலைக் கடந்து கொச்சிக் கோட்டையில் இறங்கினோம். வீட்டு முகப்புகளில் விண்மீன் விளக்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. கடலின் முகத்துவாரத்தில் சீன வலைகள் வரிசையாக நின்றன. நீண்ட மரக்கைகளின் ஒரு முனையில் வலை. மறுமுனையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பெருங்கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, வலை நீரிலிருந்து மெல்ல எழும் காட்சியை விட்டு நகரப் பேத்திக்கு மனமில்லை.

நான் அவளை அழைத்துச் செல்ல விரும்பிய இடம் அங்கிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது. அது புனித பிரான்சிஸ் ஆலயம். வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். "இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார்?" என்னும் வினாவை எத்தனை தேர்வுத்தாள்களில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. "வாஸ்கோ ட காமா" என்று எழுதியவர்க்கெல்லாம் ஒரு மதிப்பெண் வழங்கியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், மீனவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் வகுப்பில் எழுந்து நின்று, "சார், அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கடலில் கப்பலே போகவில்லையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "புத்தகத்தில் உள்ளதைப் படி, போதும்; உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் வேறெந்த வினாவும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் என் பாட்டனார் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்று திரும்புவது அவர் தொழில். கச்சான் எப்போது எழும், வாடை எப்போது இறங்கும் என்பதை அவர் எந்த ஏட்டையும் பார்த்துச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவரின் பேரன், அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை தேடாமல் அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் காலந்தாழ்த்தி எழுதும் விடை எனலாம்.

கல்லும் கல்லறையும்

ஆலயம் வெளித்தோற்றத்தில் மிக எளியது. 1503-இல் போர்ச்சுக்கீசியர் இவ்விடத்தில் கோட்டை எழுப்பியபோது மரத்தாலான சிற்றாலயம் ஒன்றையும் கட்டினர். பின்பு பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் அதனைக் கல்லால் கட்டி 1516-இல் முடித்தனர். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் அது சீர்திருத்தச் சபையாரின் கோயிலாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் சபையாருக்குச் சென்றது. இன்று தென்னிந்தியத் திருச்சபையினர் அதில் வழிபடுகின்றனர். கத்தோலிக்கரின் திருச்சிலுவைப் பேராலயம் அருகில்தான் இருக்கிறது. அதன் பழைய கட்டடத்தை ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். இன்று நாம் காண்பது 1905-இல் அர்ச்சிக்கப்பெற்றது.

உள்ளே நுழைந்தோம். மேலே நீண்ட துணி விசிறிகள் தொங்குகின்றன. முற்காலத்தில் வெளியே நின்ற பணியாளர் கயிற்றை இழுக்க, உள்ளே அமர்ந்தோர் காற்று வாங்கினர். சுவர்களில் போர்ச்சுக்கீசியரின் கல்லறைக் கற்களும் டச்சுக்காரரின் கல்லறைக் கற்களும் பதிக்கப்பெற்றிருக்கின்றன. ஒரு பக்கமாகத் தரையில், சுற்றிலும் கம்பித் தடுப்புடன், வாஸ்கோவின் கல்லறை இருக்கிறது. மக்கள் அதனைச் சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

"இதற்குள்ளேயா இருக்கிறார், தாத்தா?" என்று பேத்தி மெதுவாகக் கேட்டாள்.

"இல்லையம்மா. இது வெற்றுக் கல்லறை" என்றேன்.

மூன்றாம் முறையாக, அரசப் பிரதிநிதி என்னும் பதவியோடு 1524 செப்டம்பரில் இந்தியா வந்த வாஸ்கோ, மூன்று மாதங்களுக்குள் நோயுற்று, டிசம்பர் 24-ஆம் நாள், பிறப்பு விழாவின் முந்தைய நாளில் கொச்சியில் இறந்தார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சென்றபின் அவர் எலும்புகள் போர்ச்சுக்கல்லுக்குக் கொண்டு செல்லப்பட்டு விடிகேரா என்னும் ஊரில் புதைக்கப்பட்டன. 1880-இல் லிஸ்பன் நகரத்து ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கு அவற்றைப் பெருஞ்சிறப்புடன் மாற்றினர். பின்னர்தான், எடுத்துச் சென்றவை வேறொருவருடைய எலும்புகள் என்று தெரியவந்தது. 1898-இல் மீண்டும் தோண்டி எடுத்து வந்தனர். புகழ் எத்துணைப் பெரிதாயினும், எலும்புகளை அடையாளம் காண அது உதவவில்லை.

அவருக்கு முன் சென்றவர்கள்

இப்போது அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். அவர் வருவதற்கு முன் அக்கடலில் கப்பல் சென்றதில்லையா?

கொச்சிக்கு வடக்கே, கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் பண்டைய முசிறித் துறைமுகம் இருந்தது. யவனர் கப்பல்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றில் காண்கிறோம். கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டிலேயே எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் கப்பல்கள் தென்மேற்குப் பருவக் காற்றைப் பயன்படுத்தி நேரே நம் கரைக்கு வந்தன. அரபியரும் இந்தியரும் நன்கறிந்திருந்த அக்காற்றுக்கு ஹிப்பாலஸ் என்னும் கிரேக்க மாலுமியின் பெயரையே ஐரோப்பியர் சூட்டினர். பலர் அறிந்திருந்ததற்கு ஒருவர் பெயரை வைக்கும் வழக்கம் அத்துணைப் பழையது.

திருத்தூதர் தோமையார் கி.பி. 52-இல் இக்கரையில்தான் வந்திறங்கினார் என்பது நம் முன்னோர் வழிவழி போற்றிவரும் மரபு. 1291-ஆம் ஆண்டையொட்டி, மான்டெ கோர்வினோவின் அருளப்பர் என்னும் பிரான்சிஸ்கன் துறவி சீனாவுக்குச் செல்லும் வழியில் நம் நாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். 1329-இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் அருளப்பர் கொல்லத்துக்கு ஓர் ஆயரையே நியமித்தார்; சாமிநாதர் சபையைச் சேர்ந்த ஜோர்டான் என்பவர் அவர். வாஸ்கோ பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே இந்தியாவில் ஒரு இலத்தீன் மறைமாவட்டம் பெயரளவிலேனும் இருந்தது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

போர்ச்சுக்கீசியருள்ளும் வாஸ்கோ முதல்வர் அல்லர். 1487-இல் அந்நாட்டு அரசர் இரண்டாம் ஜான், பேரோ ட கொவில்யா என்பவரை எகிப்து வழியாக அனுப்பினார். அவர் வணிகர் வேடத்தில் ஏடனிலிருந்து கப்பலேறிக் கண்ணனூர், கோழிக்கோடு, கோவா ஆகிய ஊர்களைக் கண்டு, கெய்ரோவிலிருந்து தம் அரசருக்குச் செய்தி அனுப்பினார். பின்னர் எத்தியோப்பியா சென்றவரை அந்நாட்டு மன்னர் திரும்பிச் செல்ல விடவேயில்லை. 1520-இல் போர்ச்சுக்கீசியத் தூதுக்குழு அங்கே சென்றபோது அவர் உயிரோடிருந்தார். தாய்நாட்டை மட்டும் மீண்டும் காணாமலே மறைந்தார்.

அதே 1487-இல் பர்த்தலோமியு டயஸ் கடல்வழியே அனுப்பப்பெற்றார். புயலில் அலைப்புண்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாம் அறியாமலே சுற்றிக் கடந்து, 1488 பிப்ரவரியில் அதன் மறுபுறக் கரையை அடைந்தார். மேலே செல்ல மாலுமிகள் மறுத்தமையால் திரும்ப நேர்ந்தது. பின்பு வாஸ்கோவின் பயணத்துக்குக் கப்பல்கள் கட்டப்பட்டபோது மேற்பார்வை செய்தவரும் அவரே. தலைமை மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1500-ஆம் ஆண்டில், தாம் கண்டறிந்த அதே முனையின் அருகில், புயலில் கப்பலோடு மூழ்கி இறந்தார். அவருக்குக் கல்லறை இல்லை.

பெயரில்லாத வழிகாட்டி

வாஸ்கோவின் நான்கு கப்பல்கள் ஏறத்தாழ 170 பேருடன் 1497 ஜூலை 8-ஆம் நாள் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டன. அப்பயணத்தில் அவருக்கு உரிய பெருமையை மறைப்பது நேர்மையாகாது. ஆப்பிரிக்கக் கரையோரமாக ஊர்ந்து செல்லாமல், காற்றின் போக்கறிந்து அட்லாண்டிக் பெருங்கடலில் வெகுதூரம் விலகி வளைந்து, மூன்று மாத காலம் கரையைக் காணாமல் சென்று தென்னாப்பிரிக்கக் கரையை அடைந்தனர். கொலம்பஸ் 1492-இல் கானரித் தீவுகளை விட்டபின் கரை காணாமல் சென்றது ஐந்து வாரங்களே. ஆகவே வாஸ்கோ துணிவு மிக்கவர். கலகம் செய்யக்கூடிய மாலுமிகளைக் கட்டிக் காத்தவர். அதில் ஐயமில்லை.

ஆயினும் வழியைக் கூறு கூறாகப் பிரித்துப் பாருங்கள். தென்முனை வரையிலும் அதற்குச் சற்று அப்பாலும் டயஸ் கண்ட வழி. கிழக்கு ஆப்பிரிக்காவின் சோபாலாவிலிருந்து இந்தியா வரை அரபியரும் குஜராத்தியரும் பன்னெடுங்காலமாக வணிகம் செய்துவந்த வழி. இரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைப் பகுதியே எஞ்சியது. தெரிந்த இரண்டு கடல்களை ஒரே பயணத்தில் இணைத்தவர் வாஸ்கோ. இணைத்தலும் ஒரு செயலே. ஆனால் அது கண்டுபிடித்தல் ஆகாது.

1498 ஏப்ரலில் அவர் மலிந்தித் துறைமுகத்தை அடைந்தபோது, அரபிக் கடலைக் கடக்கும் வகை அவருக்குத் தெரியவில்லை. மலிந்தி அரசர் ஒரு வழிகாட்டியைத் தந்து உதவினார். போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்தியர் என்கிறார். ஏடுகளில் அவருக்குக் காணப்படும் பெயரும் தொழிலைக் குறிக்கும் பட்டமாகவே தோன்றுகிறது. பெற்றோர் இட்ட பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவர் ஏப்ரல் 24-ஆம் நாள் பாய் விரிக்கச் செய்தார். கச்சான் எழும் பருவம். இருபத்து மூன்று நாள் கரை காணாமல் சென்று, பின் மலபார் மலைகளைக் கண்டனர். மே 20-ஆம் நாள் கோழிக்கோட்டுக்கு வடக்கே கப்பாடு அருகில் நங்கூரமிட்டனர்.

திரும்பும் பயணத்தைக் கேளுங்கள். அப்போது அந்த வழிகாட்டியின் சொல் அவர்களுக்குத் துணையில்லை. வாடைக் காற்று நிலைபெறும் வரை பொறுக்க மனமின்றி, அக்டோபர் தொடக்கத்திலேயே நம் கரையை விட்டுப் புறப்பட்டனர். காற்று எதிர்த்தது, சில நாள்களில் அடியோடு நின்றது. இருபத்து மூன்று நாளில் வந்த கடலைத் திரும்பக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. பல்லீறு வீங்கும் நோயால் முப்பது பேர் அக்கடலிலேயே மாண்டனர். பாய்மரத்தைக் கையாள ஆளில்லாமல், மலிந்தியைத் தாண்டியபின் ஒரு கப்பலைத் தாமே தீயிட்டு எரித்தனர். வாஸ்கோவின் உடன்பிறந்தவரான பாலோவும் வீடு திரும்பும் வழியில் அசோர்ஸ் தீவுகளில் உயிர் நீத்தார். சென்ற 170 பேரில் மீண்டவர் மூன்றில் ஒரு பங்கினரே.

போகும்போது இருபத்து மூன்று நாள். வரும்போது மூன்று மாதம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் அந்தப் பெயரற்ற மனிதரின் அறிவு. என் பாட்டனார் உயிரோடிருந்தால் இதைக் கேட்டுத் தலையசைத்திருப்பார்.

தூதராகவும் தலைவராகவும்

கப்பாட்டுக் கடற்கரையில் வாஸ்கோ வந்திறங்கியதைக் குறிக்கும் கல்தூண் ஒன்று நிற்கிறது. உண்மையில் அந்தக் குழுவிலிருந்து முதன்முதல் கரையேறியவர் வாஸ்கோ அல்லர். இன்னதென்று தெரியாத கரைகளில் இறக்கிவிடுவதற்கென்றே தண்டனை பெற்ற குற்றவாளிகள் சிலரைக் கப்பலில் ஏற்றி வந்திருந்தனர். அவர்களுள் ஒருவரே முதலில் அனுப்பப்பெற்றார். கோழிக்கோட்டில் அவரை எதிர்கொண்டவர்கள் துனிசியாவைச் சேர்ந்த இரு வணிகர். அவர்கள் ஸ்பானிய மொழியிலேயே பேசியதைக் கேட்டு அவர் திகைத்துப் போனார். யாரும் அறியாத நாட்டைக் கண்டுபிடிக்க வந்தவர்களை, அவர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே வரவேற்றனர்!

சாமூதிரி மன்னருக்கென அவர்கள் கொண்டுவந்த காணிக்கை என்ன தெரியுமா? கோடு போட்ட துணி சில, தொப்பிகள், பவழச் சரங்கள் நான்கு, கை கழுவும் பாத்திரங்கள், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். அவற்றைப் பார்வையிட வந்த அரண்மனை அலுவலர்கள் வாய்விட்டுச் சிரித்தனர். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகனும் இதைவிட மேலானது தருவான் என்றனர். இந்துக் கோயில் ஒன்றைக் கிறிஸ்தவ ஆலயமென்றும், அங்கிருந்த திருவுருவை நம் அன்னையின் உருவமென்றும் எண்ணி மண்டியிட்டனர். தாம் கண்ட மக்களெல்லாம் கிறிஸ்தவரே என்னும் தவறான எண்ணத்துடனேயே நாடு திரும்பினர். வணிக உடன்படிக்கை எதுவும் கைகூடவில்லை.

இவை சிரித்து மறக்கத்தக்கவை. அடுத்தது அப்படியன்று. 1502-இல் இருபது கப்பலுக்குக் குறையாத படையுடன் மீண்டும் வந்த வாஸ்கோ, மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று திரும்பிக்கொண்டிருந்த கப்பல் ஒன்றைக் கண்ணனூர்க் கடலில் மறித்தார். அதில் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். பெரும்பொருள் தருவதாகக் கெஞ்சியும் கேளாமல், பொருளைப் பறித்துக்கொண்டு, கப்பலுக்குத் தீ வைக்கச் செய்தார். தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரந்ததைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் முகமதியர் அல்லர். அதே படையில் வந்த ஒரு போர்ச்சுக்கீசியர்.

இதையெல்லாம் நான் எழுதுவது எளிதன்று. முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவன் நான். 1530-களில் எம் ஊர்த் தலைவர்கள் துன்பத்தில் துணை தேடி வந்ததும் திருமுழுக்குப் பெற்றதும் இதே கொச்சியில்தான். 1542-இல் புனித பிரான்சிஸ்கு சவேரியார் நம் நாட்டுக்கு வந்ததும் ஆப்பிரிக்காவைச் சுற்றிய அதே கடல்வழியில்தான். அந்த நன்றி என் நெஞ்சில் என்றும் உண்டு. ஆயினும் நன்றியின் பெயரால் எரிந்த கப்பலை மறைப்பது நமக்கு அழகாகாது. விசுவாசத்தைக் கொணர்ந்தவர் வேறு. அவர் ஏறி வந்த வழியில் முன்பு கொடுமை செய்தவர் வேறு.

புகழ் எங்ஙனம் வளர்ந்தது?

அங்ஙனமாயின் இத்துணைப் புகழ் எவ்வாறு வந்தது? முதலாவது, அரசரின் தேவை. மிளகு வணிகத்தில் பெருஞ்செல்வம் காத்திருந்தது. அதற்கு உரிமை கொண்டாட ஒரு வெற்றி வீரர் வேண்டும். வாஸ்கோ திரும்பியதுமே, 1499-இல், அரசர் மானுவேல், எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் கடற்பயணத்துக்கும் வணிகத்துக்கும் தாமே தலைவர் எனப் பட்டம் சூட்டிக்கொண்டார். இரண்டாவது, கவிஞரின் எழுதுகோல். 1572-இல் கமோயன்ஸ் வெளியிட்ட பெருங்காப்பியம் வாஸ்கோவைத் தலைவனாக்கிப் பாடியது. மூன்றாவது, எம்மைப் போன்ற ஆசிரியர்கள். ஒரு மதிப்பெண் வினாவில் டயஸுக்கும் கொவில்யாவுக்கும் மலிந்தி வழிகாட்டிக்கும் இடம் ஏது? ஒரு பெயர்தானே அடங்கும்!

இன்று கோவாவில் ஒரு நகரமும், 1998-இல் லிஸ்பனில் திறக்கப்பெற்ற நெடும்பாலமும், பிரேசிலில் ஒரு கால்பந்துக் கழகமும் வாஸ்கோவின் பெயரைத் தாங்குகின்றன. அதே 1998-இல் அவர் வருகையின் 500-ஆம் ஆண்டை நினைவுகூர முனைந்தபோது நம் நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. ஒருவரை மிகையாகப் புகழ்ந்தால், மிகையாக இகழும் காலமும் வரும் போலும். இரண்டுமின்றி உள்ளதை உள்ளபடி சொல்வதே அவருக்கும் நாம் செய்யும் நீதி.

ஆலயத்தை விட்டு வெளியே வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. "அப்படியென்றால் தேர்வில் நான் என்ன எழுத வேண்டும், தாத்தா?" என்று பேத்தி கவலையோடு கேட்டாள்.

"ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியா வந்த முதற் கப்பற்படையின் தலைவர் வாஸ்கோ ட காமா, அரபிக் கடலில் அவருக்கு வழிகாட்டியவர் நம் கடலை அறிந்த ஒரு மாலுமி என்று எழுது" என்றேன்.

"இரண்டு வரிக்கு ஒரு மதிப்பெண்தானே?"

"ஆமாம். உண்மை சில வேளைகளில் ஒரு வரிக்குள் அடங்காது, அம்மா."

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில் மீண்டும் சீன வலைகளின் அருகே நின்றோம். வலையில் அகப்பட்டது சிறிதே. கயிறு இழுத்த அனைவரும் அதைக் குனிந்து பார்த்தனர். ஒருவர் கூடையில் எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார்.

நம் பங்குகளிலும் ஆலய வாயிலில் கல்வெட்டு இருக்கிறது. அடிக்கல் நாட்டியவர் பெயர் உண்டு. திறந்து வைத்தவர் பெயர் உண்டு. மணல் சுமந்த தாய்மாரின் பெயரும், பிடியரிசி சேர்த்துக் கொடுத்த குடும்பங்களின் பெயரும் அதில் இல்லை. பொறித்த பெயர்களை நாம் அழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, அதில் இல்லாதவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வோம். கேள்வி கேட்டு எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாமலும் இருப்போம்.

அந்தச் சிறுவன் இன்று நரைத்த தலையுடன் எந்தக் கரையில் இருக்கிறானோ நான் அறியேன். இவ்விதழ் அவன் வீட்டுக்கும் வருமானால், இதைப் படிக்கட்டும். தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.